வாய்மட்டத் தண்ணீர்

தைவானின் மெய்னோங்கில் காட்டுத்தாமரைக் கீரைக்கட்டைப் பார்த்தே வளர்த்தவரின் உயரத்தைச் சொல்லிவிடலாம். பெயர்தான் தாமரை, சாப்பிடுவதென்னவோ நூடுல்ஸ் கனமே உள்ள அதன் தண்டை. இலை தண்ணீருக்கு மேலே வந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும். தண்ணீரை ஒரு சாண் ஏற்றினால் தண்டும் ஒரு சாண் நீளும். ஆனால் பறிக்கிறவர் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு குளத்துக்குள் நிற்க வேண்டுமே. அதனால் ஆளின் மார்பு எங்கேயோ, தண்ணீரும் அங்கேதான்.

சுங் தியாம்-லோய் ஐம்பத்திரண்டு வயதுக்காரர், நாலடி பத்து அங்குலம். குளத்து வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாற்றைச் சேற்றில் ஊன்றி, முழங்கால் தண்ணீரில் தொடங்கி, இலை மிதக்க மிதக்க வாய்க்காலைத் திறந்துவிடுவார். நத்தையைத் தின்னக் கறுப்புக் கெண்டை வளர்த்தார். பாசியைத் தினமும் கரையிலிருந்தே வலைபோட்டு அரித்தார். இத்தனை செய்தும் தண்டு மூன்றரை அடியைத் தாண்டவில்லை. பக்கத்துக் குளத்து யுன்-ஷெங் சரியான சோம்பேறி, ஆனால் ஆறடி ஆள். அவன் தண்டு நாலரை அடி.

ஊரைக் காக்கும் மண்சாமியின் பிறந்தநாள் விருந்துக்குப் பதினொரு வருடமாக யுன்-ஷெங் குளத்துத் தண்டுதான் போனது. நீளம் என்றால் ஆயுள் என்பது சமையல்காரரின் கணக்கு. லோய்க்கு வயிறு எரிந்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது ‘இது லோய் குளத்துத் தண்டு’ என்று மேசைக்கு மேசை சொல்லக் கேட்டுவிட வேண்டும். இந்த வருடம் ஊர்க்கூட்டத்தில், நாலரை அடித் தண்டு நான் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டார்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பத்தே நாளில் தண்டு சொன்னபடி நீண்டது. அறுவடைக் காலையில் உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கியபோதுதான் தண்ணீர் வாய்க்கு வந்தது. செடியைப் பற்றி யோசித்தவர் தன்னைப் பற்றி யோசிக்க மறந்திருந்தார்.

தண்ணீரை இறக்கினால் தண்டெல்லாம் மடிந்து சேற்றில் சிக்காகிவிடும். காலடியில் செங்கல் போட்டுப் பார்த்தார். அது சேற்றுக்குள் போயே போய்விட்டது. லாரி டியூபில் உட்கார்ந்து பார்த்தார். மிதந்தார், கை அடித்தண்டுக்கு எட்டவில்லை.

“லோய் அண்ணே, தண்டு வளந்துருச்சு. நீங்க எப்ப வளரப்போறீங்க?” என்று கரையிலிருந்து கேட்டான் யுன்-ஷெங்.

லோயின் மனைவி ஃபுங்-மொய் அவரைவிட ஒரு தலை உயரம். குளிர் ஆகாது என்று சொல்லி இருபத்தாறு வருடமாக அவளைக் குளத்தில் இறங்க விட்டதில்லை. உண்மைக் காரணம் வேறு: ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் உயரம் தெரியாது, போட்டோவில் அவர் படிமேல் நின்றுகொள்வார், குளத்தில் படி கிடையாது. அன்று அவள் யாரையும் கேட்கவில்லை. யுன்-ஷெங்கின் உடுப்பையே கழற்றி வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் அக்குளோடு நின்றது. அவள் குனிந்து பறிக்கப் பறிக்க, லோய் டியூபில் மிதந்தபடி தண்டுகளைச் சுருட்டிக் கட்டினார்.

மத்தியானத்துக்குள் வேண்டியது சேர்ந்துவிட்டது. லோய்க்கு மனசு கேட்கவில்லை.

“குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போயிருக்கும். கரையேறு மொய்.”

“இங்க குனிஞ்சா தண்ணி தாங்குது, ஆ-லோய். உன் உயரத்துக்கு ஒரு அடுப்பு மேடை கட்டியிருக்கியே, அதுதான் தாங்கமாட்டேங்குது. இருபத்தாறு வருஷமா.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். அடுத்த பிடியைப் பறிக்கவும் போய்விட்டாள். லோய்க்குக் கூசிப்போனது. அவர் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

விருந்தன்று சமையல்காரர், லோய் குளத்துத் தண்டு என்று மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டு வந்தார். லோயின் காதில் அது விழவே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த கொத்தனாரிடம், நாளைக்கே வந்து அடுப்பு மேடையை உயர்த்திக் கட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யார் உயரத்துக்கு என்றார் கொத்தனார்.

“மொய் உயரத்துக்கு,” என்றார் லோய், மேசையே கேட்கும்படி. “அவ என்னைவிட ஒரு தலை ஒசத்தி.”