எதிர்ப்பக்கத்துக் கூடாரம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை. ஆனாலும் எனக்கொரு கல்லூரி இருந்தது. அது என் அண்ணை படித்த கல்லூரி. அங்கே அவர் உதைபந்தாட்டக் கோல்கீப்பர். சேறு பிடித்த அவருடைய நாவல் நிற ஜேர்சியைத் தோய்த்துக் காயப்போட்டது நான்தான். ஒரு கல்லூரியை எங்களுடையது என்று சொல்ல எனக்கு அது போதும்.

என் வீட்டுக்காரர் மற்றக் கல்லூரி. அவர்களுக்குப் பச்சை நிறம். பந்தடி என்று வந்தால் இரண்டு கல்லூரிக்கும் ஆகாது.

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் பாரிசுக்கு வந்தேன். அவர் எவ்வளவோ காலம் முன்பே வந்து, ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவி, விசாவுக்கு அலைந்து, ஒருவாறு என்னைக் கூப்பிட்டார். கலியாணம் கட்டிச் சேர்ந்து இருந்த காலத்தைவிட நாங்கள் பிரிந்து இருந்த காலம்தான் கூட. பிள்ளைகளும் இல்லை. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும், "பிரயாணம் சுகமோ?" என்று கேட்டார், விருந்தாளியைக் கேட்பதுபோல.

மார்க்ஸ் டோர்மோயில் ஒரே ஒரு அறை. "சாப்பிட்டீரோ?" "ஓம்." "சோபாஜிலை சூட்டைக் கூட்டிவிடட்டோ, குளிருதோ?" "வேண்டாம்." இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் வேலைக்குப் போன பிறகு நான் லா சப்பலுக்கு நடந்துபோய் மரக்கறி வாங்கிவருவேன். கடையில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். எனக்கு அங்கும் வாய் வராது. கத்தரிக்காயை விரலால் காட்டுவேன்.

அடுத்த கோடையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

"வாற ஞாயிறு கூசேன்வில் பக்கத்திலை பழைய மாணவர் சங்கத்து மட்ச். உம்மடை அண்ணையின்ரை கல்லூரியோடைதான். வாறதெண்டால் ஒரு கடகமும் கொண்டு வாரும்."

"கடகம் என்னத்துக்கு?"

"எங்கடை பொடியள் அடிக்கிற கோலையெல்லாம் அள்ளிக்கொண்டு போக."

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. "உங்கடை ஆக்களுக்குக் கடகமே தேவையில்லை. எந்த முறையும் வெறுங்கையோடைதானே போறவை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். பாரிசுக்கு வந்து அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். கடைவாய்ப் பல்லொன்று விழுந்திருந்ததும் அன்றுதான் தெரிந்தது.

மைதானத்தில் எதிரெதிராக இரண்டு கூடாரம் போட்டிருந்தார்கள். அந்தந்தக் கல்லூரி ஆட்கள் அந்தந்தப் பக்கம் இருப்பார்கள். பெண்கள் கணவனுடைய பக்கம் போய்விடுவார்கள், அதுதான் வழக்கம். நான் நடுவில் கால் கூசி நின்றேன். பச்சைக் கூடாரத்திலிருந்து ஒரு பெரியவர், "இஞ்சாலை வா பிள்ளை, கட்டினாப் பிறகு புருஷன்ரை கல்லூரிதான்" என்று கூப்பிட்டார்.

"விடுங்கோ அண்ணை. அவ எதிரிக் கட்சி. அங்கை போகட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் எதிர்ப்பக்கம் போனேன். அங்கே கூடாரத்துக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் படித்தவர்கள். வெட்கமாக இருந்தது. ஓரத்தில் ஒரு மரத்தடியில் துவாயை விரித்து இருந்துகொண்டேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் அதுதான் என் இடம்.

அன்று நாங்கள் வென்றோம். திரும்பும்போது ரயிலில் அவர் கேட்டார்: "பெனால்டி அடிக்கேக்கை கண்ணை மூடிக்கொண்டிருந்தீர், என்ன?"

"ஆர் சொன்னது?"

"நான் அங்கையிருந்து கண்டனான்."

உண்மைதான், மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "தோத்த ஆள் தேத்தண்ணி" என்று சொல்லி அவரே அடுப்படிக்குப் போனார். நெடுங்காலம் தனியே இருந்து பழகிய மனுஷன். ஒரு கோப்பைக்குத் தண்ணி வைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார். சீனியை அள்ளிப் போட்டார். பாயசம்போல இருந்தது. நான் அடிவரை குடித்தேன்.

அதன்பிறகு அது எங்கள் முறையாகிவிட்டது. மட்சுக்கு முன்னும் பின்னும் சில கிழமைகள் எங்கள் வீட்டில் கதை இருக்கும். "உங்கடை கோல்கீப்பருக்குக் கண் தெரியுமோ?" என்பார். "உங்கடை ஆக்கள் பந்தைக் கண்டால் வணக்கம் சொல்லி வழிவிடுகினம்" என்பேன் நான். பிறகு குளிர் தொடங்கும், கதை குறையும். நாங்கள் திரும்பவும் விருந்தாளிகள் ஆகிவிடுவோம்.

கனடாவில் இருக்கும் அண்ணைக்கு ஒருமுறை நாங்கள் வென்ற செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். "இன்னும் அந்தப் பந்தையோ கலைச்சுக்கொண்டு திரியிறியள், தங்கச்சி?" என்று சிரித்தார். அவருக்கே அது மறந்துவிட்டது. அதன்பிறகு எனக்குத் தெரிந்தது: நான் அந்தப் பக்கம் இருப்பது அண்ணைக்காக இல்லை. எதிரில் இவர் இருப்பதற்காக.

ஒரு மாரிகாலத்தில் நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. பேசாமலே இருந்து பழகியவள்தானே, தாங்குவேன் என்று நினைத்திருந்தேன். பேசாமல் ஒருவர் பக்கத்தில் இருப்பதும், ஒருவருமே இல்லாததும் ஒன்றல்ல.

கோடை வர, பச்சைச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

"அன்ரி, இந்தமுறை அவரின்ரை நினைவாக் கிண்ணம் குடுக்கிறம். நீங்கள் வந்து எங்கடை பக்கத்திலை முன்னுக்கு இருக்கவேணும்" என்றார் இளையவர்.

"இனி நீங்கள் எங்கடை ஆள்தானே, அக்கா" என்றார் மற்றவர்.

எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. ஓம் என்றேன். அவர்கள் போன பிறகு யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் இந்தப் பக்கம் வந்துவிட்டால் அவருக்கு எதிரில் யார் இருப்பது? மரத்தடிக்கே போனால், அவரை மதிக்காதவள் என்று சனம் சொல்லாதா?

கடைசியில் பச்சைக் கூடாரத்துக்குத்தான் போனேன். கழுத்தில் பச்சைச் சால்வை போட்டு, முன்வரிசையில் இருத்தினார்கள். அது அவர் இருக்கும் கதிரை என்று சொன்னார்கள். அதிலிருந்து முதலில் என் மரத்தைத் தேடினேன். அங்கே யாரோ ஒரு பெண் இருந்தாள். நாவல் நிறத்தில் ஏதோ உடுத்தியிருக்கிறாள் என்றுதான் தெரிந்தது. முகமே தெரியவில்லை. அவ்வளவு தூரம்.

நான் கண்ணை மூடியதை இங்கேயிருந்து அவர் எப்படிக் கண்டார்? கண்டிருக்க முடியாது. அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

அதை நினைத்துக்கொண்டிருந்தபோது நாவல் நிறத்துப் பொடியன் ஒருவன் பந்தைக் கொண்டுபோய்க் கோலுக்குள் அடித்தான். நான் எழும்பிக் கைதட்டிவிட்டேன். பச்சைக் கூடாரம் முழுதும் வாயடைத்துப் போயிருக்க, நான் மட்டும், பச்சைச் சால்வையோடு.

"அக்கா, கூடாரம் மாறி வந்திட்டியள் போலை!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். முன்பு என்னைக் கூப்பிட்ட அதே பெரியவர் திரும்பி, "சும்மா இருங்கோடாப்பா. அவ எதிரிக் கட்சி. அவன் எப்பவும் அப்பிடித்தான் சொல்லுறவன்" என்றார். பிறகு என்னிடம், "நீ தட்டு பிள்ளை" என்றார்.

அந்த ஒரு கோலோடு மட்ச் முடிந்தது. கிண்ணத்தை நாவல் நிறத்துக் கப்டனிடம் கொடுத்தேன். இங்கே பிறந்த பிள்ளை. "மெர்சி, அன்ரி" என்றான். அவன் ஜேர்சியில் தோள்வரை சேறு. அதைத் தொட்டுப் பார்க்கலாம்போல இருந்தது. தொடவில்லை.

கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, தனியே நடந்து வீட்டுக்கு வந்தேன். சால்வையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு மேசையடியில் இருந்தேன். தோற்றது அவருடைய கல்லூரி. தேத்தண்ணி அவர் போட வேண்டும். கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன்.

பிறகு எழும்பிப்போய் அடுப்பை மூட்டினேன். கைப்பழக்கத்தில் இரண்டு கோப்பைக்குத் தண்ணி வைத்துவிட்டேன். ஊற்றிக் கொட்ட மனம் வரவில்லை. சீனியை அவர் போடுகிறமாதிரி அள்ளிப் போட்டு, இரண்டையும் நானே குடித்தேன்.