டீச்சரின் பென்ஷனும் நான் வரைந்த யானையும்

என் மனைவியை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் கிண்டலுக்காக ஆரம்பித்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு மாடியில் குடியிருப்பவர்கள், ரொட்டிக்கடைக்காரர், தபால்காரர் என்று எல்லோரும் அவளை அப்படியே கூப்பிட, கிண்டல் போய் அதுவே அவள் பெயராகிவிட்டது. என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டீச்சர் வீட்டுக்காரர், அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வந்தது இரண்டு வருஷ ஒப்பந்தத்தில். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டே வருஷங்க, கொஞ்சம் பணம் சேத்துட்டுத் திரும்பிடலாம்" என்றாள். நான் ஒரு கம்பெனியில் ஃபைல் அடுக்கும் குமாஸ்தா. பதினோரு வருஷம் அடுக்கியாகிவிட்டது, இனி அங்கே அடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று நானும் கிளம்பிவிட்டேன். ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினோம். இருபத்து மூன்று வருஷமாகியும் அந்த இரண்டு வருஷம் இன்னும் முடிந்தபாடில்லை.

டீச்சர் பாடம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். ஓடுவது என்று பாடத்தில் வந்தால் ஓடிக் காட்டுவாள். விழுவது என்று வந்தபோது நிஜமாகவே விழுந்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "பிள்ளைங்களுக்கு இனி அது ஜென்மத்துக்கும் மறக்காது" என்று அதற்கும் சந்தோஷம். பகலில் பள்ளிக்கூடம், வகுப்புக்கு முப்பத்திரண்டு பிள்ளைகள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் அதே கட்டடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு. பஸ் டிரைவர், நர்ஸ், முடி வெட்டுகிறவர் என்று பலரும் வேலை முடித்த கையோடு வந்து, சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள்.

இத்தனை வருஷத்தில் இந்த ஊர்ப் பாஷையை அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, யாரும் விடவில்லை. தக்காளி என்ன விலை என்று தட்டுத்தடுமாறி ஊர்ப் பாஷையில் கேட்டால், கடைக்காரர் உள்ளே இருக்கும் மனைவியைக் கூப்பிட்டு, "டீச்சர் வந்திருக்காங்க, ஓடி வா, வந்து இங்கிலீஷ்ல பேசு" என்பார். அரைக் கிலோ தக்காளி வாங்க அரைமணி நேரம் ஆகும். நான் சந்தையில் பேரம் பேசியே பாஷையைப் பிடித்துவிட்டேன். பேசுவேன், சண்டை போடுவேன், வாசிக்க மட்டும் வராது. அந்த எழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

சேமிப்புக்கு எங்கள் வீட்டில் 'கிழவயசுப் பணம்' என்று பெயர். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே பென்ஷன் கிடையாது என்று முதல் வாரமே ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டார்கள். அதனால் சம்பளம் வந்த அன்றே கால் பங்கு வங்கிக்குப் போய்விடும். பஸ்ஸுக்குப் பதில் நடை. என் தலைமுடியை அவள் வெட்டுவாள், அவள் முடியை நான் வெட்டுவேன். இரண்டு பேரும் வெளியே தலைகாட்டக் கூச்சப்பட்ட வாரங்களும் உண்டு. அப்படிச் சேர்த்தது மூன்று முறை கரைந்தது. ஒரு முறை மாமனாரின் ஆபரேஷனுக்கு, ஒரு முறை மகளின் நர்ஸிங் படிப்புக்கு, இன்னொரு முறை பள்ளிக்கூடம் ஏழு மாதம் மூடிக் கிடந்தபோது சாப்பாட்டுக்கு. ஒவ்வொரு முறையும் டீச்சர் ஒரு நாள் முழுக்க உம்மென்று இருப்பாள். மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு பழையபடி நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

இந்த வருஷ ஆரம்பத்தில் அவள் குரல் கெட்டுப்போனது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தனவாம்.

"பேச்சைக் குறைக்கணும். ஒரு நாளைக்கு எவ்வளவு பேசுவீங்க?"

"ஏழு மணி நேரம்" என்றாள் டீச்சர், காற்று மட்டும் வரும் குரலில்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டுக்கு வந்து பேசுறதையும் சேத்துக்கோங்க டாக்டர்" என்றேன். டீச்சர் பார்த்த பார்வையில் அதோடு வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. இந்தப் பள்ளி வருஷம் முடிந்ததும் வேலையை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் திரும்பி வராது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அவளுக்கு வருகிற கோடையில் அறுபது. கிழவயசுப் பணத்தை எப்படி நீட்டி இழுத்தாலும் ஏழெட்டு வருஷத்துக்குத்தான் வரும். கைக்கு வந்திருந்ததோ இன்னும் ஐந்து வருஷத்துக்கான ஒப்பந்தம். மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். டீச்சர் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். பால் எடுக்கப் போனாலும் தண்ணீர் எடுக்கப் போனாலும் அந்தத் தாள் என்னைப் பார்த்து முறைத்தது.

விஷயம் தெரிந்து, வேறு ஊரில் நர்ஸாக இருக்கும் மகள் போன் செய்தாள். "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா. நான் பாத்துக்க மாட்டேனா?"

"பாத்துக்குவே. மாசா மாசம் உங்கிட்ட கை நீட்டுறது யாரு?"

"அம்மா!"

"உங்கப்பா வேணா நீட்டுவாரு. எனக்கு வராதுடி."

ரொட்டிக்கடையில் பொட்டலம் கட்டும் வேலைக்கு என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னதும் டீச்சர் என் முழங்காலைப் பார்த்துச் சிரித்தாள். "நின்னுக்கிட்டே செய்யற வேலைங்க அது." பிறகு சாதாரணமாக, "குரல் போனா போகட்டும், கையெழுத்துப் போட்டுடுறேன்" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த மாதம் முழுக்க சாயங்கால வகுப்புகளுக்கு நானும் போனேன். அவள் என் காதில் மெல்லச் சொல்ல, நான் சத்தம் போட்டுச் சொல்வேன். என் இங்கிலீஷ் எப்படி என்று கேட்காதீர்கள். வகுப்பு அவ்வளவு சிரித்ததை நான் பார்த்ததில்லை. மற்றபடி அந்த வகுப்பில் எனக்குப் பழைய பங்கு ஒன்று உண்டு. படச்சீட்டு தயாரிப்பது நான்தான். காசு கொடுத்து அட்டை வாங்குவானேன் என்று, தபாலில் வரும் தாள்களில் பின்பக்கம் காலியாக இருப்பதை எடுத்து, நாலாக வெட்டி, படம் வரைந்துவிடுவேன். வருஷத்துக்கு ஒரு முறை நீலக் கோடு போட்ட உறையில் ஒரு கடிதம் வரும். தாள் என்றால் தாள், அப்படி ஒரு கெட்டித் தாள். மேலே ஒரு கிழவனும் கிழவியும் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி படம். இப்படிச் சிரிக்கிற கிழவன் கிழவி படத்தைப் போட்டு எவன் கடிதம் அனுப்புவான்? இன்ஷூரன்ஸ்காரன்தான். விளம்பரம் என்று தள்ளிவைத்து, ஒவ்வொரு வருஷமும் கத்தரிக்கோலை எடுத்துவிடுவேன். பதினோரு வருஷம் ஃபைல் அடுக்கியவனுக்கு எது விளம்பரம், எது முக்கியம் என்று தெரியாதா என்ற திமிர்.

ஒரு வியாழக்கிழமை சீட்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். சீட்டைத் தூக்கிக் காட்டி, இது யானை, இது குடை என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மூன்றாவது பெஞ்சில் ஓர் அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும், எப்போதும் சுத்தமாக வீட்டுப்பாடம் எழுதி வருகிறவள். அவளுக்கு யானை. எழுந்து நின்றவள் வாயைத் திறக்கவில்லை. நான் யானை வரைந்தால் சில சமயம் பன்றி மாதிரி இருக்கும், அதனால் குழம்புகிறாள் என்று நினைத்துத் தும்பிக்கை மாதிரி கையை ஆட்டிக் காட்டினேன். அவள் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இது எங்க ஆபீஸ் தாள்" என்றாள் ஊர்ப் பாஷையில். "பென்ஷன் ஆபீஸ். இதுல உங்க பேரு பாதி இருக்கு."

 உடனே பஸ் டிரைவர் தன் குடையைத் திருப்பிப் பார்த்தார். நர்ஸ் மீனைத் திருப்பினாள். ஒரே நிமிஷத்தில் பதினெட்டுப் பேரும் மேஜையைச் சுற்றி நின்று, சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தோடு ஓரம் பொருத்த ஆரம்பித்தார்கள். "இந்த மூலை யார்கிட்ட?" "கோழி வெச்சிருக்கறவங்க வாங்க!" என்று ஒரே களேபரம். ஒரு கடிதம் முக்கால்வாசி சேர்ந்தது. ஆபீஸ் பெண் குனிந்து விரல் வைத்து வாசித்தாள்.

"டீச்சர், இருபத்தொரு வருஷமா உங்க பேர்ல பணம் கட்டியிருக்கு. பாதி ஸ்கூல் கட்டுது, பாதி உங்க சம்பளத்துல பிடிக்கிறாங்க."

சம்பளச் சீட்டில் மாசா மாசம் ஒரு பிடித்தம் இருக்கும். வரி என்று நானே அவளுக்கு விளக்கியிருக்கிறேன். "வெளிநாட்டுக்காரங்களுக்குக் கிடையாதுன்னாங்களே?" என்றேன். நாங்கள் வந்தபோது கிடையாதுதான், இரண்டு வருஷம் கழித்துச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்றாள் அந்தப் பெண். ஆசிரியர் அறையில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களாம். ஒட்டியிருப்பார்கள், ஊர்ப் பாஷையில். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் வெளிநாட்டிலிருந்து வந்த இங்கிலீஷ் டீச்சர்கள்.

எல்லாவற்றையும் நான் தமிழில் சொல்லி முடித்ததும், "மாசம் எவ்வளவு வரும்?" என்று டீச்சர் கேட்டாள். அந்தத் தொகை இருந்த கால் பாகத்தில் நான் பூனை வரைந்திருந்தேன். பூனையை முடி வெட்டுகிறவர் போன வாரம் வீட்டுப்பாடத்துக்கு எடுத்துப்போயிருந்தார், அன்றைக்கு வரவும் இல்லை. "சீட்டு போனா என்ன, கணக்கு எங்ககிட்ட இருக்கு. திங்கக்கிழமை ஆபீஸுக்கு வாங்க" என்றாள் அந்தப் பெண். ஒப்பந்தத்துக்குக் கெடு புதன்கிழமை.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் இரண்டடி பின்தங்கியே வந்தேன். இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று காத்திருந்தேன். பாலத்தின் நடுவில் டீச்சர் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று பதறிப்போய்ப் பார்த்தால், சிரிக்கிறாள். குரல் இல்லாததால் சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது.

"பென்ஷன்ல யானை வரைஞ்சிருக்கீங்களே, மனுஷா! இருபத்தொரு வருஷம்!"

"மீனு நல்லா இருந்துச்சுன்னு நீதானே சொன்னே" என்றேன். அவ்வளவுதான், எனக்கும் அடக்க முடியவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வரப்போகிற தொகை சொற்பமாக இருந்துவிட்டால்? டீச்சர் பேனாவை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்றாள்.

திங்கட்கிழமை, ஏழாம் கவுண்டர். அந்தப் பெண் அன்றைக்கு நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் சொல்வேன் என்று பிடிவாதம். பக்கத்துக் கவுண்டர்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் கணினியில் தட்டி, ஒரு தாளை அச்செடுத்து, தொகையில் பென்சிலால் வட்டம் போட்டு எங்கள் பக்கம் திருப்பினாள். சம்பளத்தில் பாதிக்குமேல் இருந்தது.

டீச்சர் என்னைப் பார்த்தாள். வாடகை, மருந்து, கிழவயசுப் பணத்தின் வட்டி என்று விரல்விட்டு ஒரு முறை எண்ணினேன். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை எண்ணினேன். "போதும் டீச்சர். மிச்சமே பிடிக்கலாம்."

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக யோசித்து இங்கிலீஷில் சொன்னாள். நான் தமிழில் சொல்கிறேன். "டீச்சர், அறுபது முடியற மாசத்துல இருந்து உங்களுக்கு மாசா மாசம் இந்தப் பணம் வரும். நீங்க இருக்குற வரைக்கும் வரும். இனிமே நீங்க வேலைக்குப் போக வேண்டியதில்ல."

டீச்சர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

பாவம், அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "தப்பா சொல்லிட்டேனா டீச்சர்? எங்க தப்பு?"

"தப்பே இல்லம்மா. எனக்குக் கேக்கணும் போல இருக்கு. அதான்."

அவள் இந்த முறை எழுந்து நின்று, அந்த ஹாலுக்கே கேட்கும்படி முதலிலிருந்து சொன்னாள். மகள் பிறந்த அன்றுகூட அழாத என் டீச்சர், முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.