வால்வைக் கட்டியது யார்?

பேய், ஆவி, அருள்வாக்கு என்று எவர் பேசினாலும் எழுந்து நின்று மறுத்தவன் நான். மறுத்துக் கோப்பையும் வாங்கியவன். ஆகவே இதை நீங்கள் நம்ப மறுத்தால் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் மறுத்திருப்பேன். சற்று அழகாக மறுத்திருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையில் நான் படித்த கல்லூரியில் சொற்போர் இறுதிச் சுற்று. தலைப்பு: "செர்னோபில்: தவறியது மனிதனா, இயந்திரமா?" மனிதனே என்பது என் கட்சி. எதிர்க்கட்சியில் தாராபுரத்துக் கோகிலா. அவள் தந்தை ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். அது வெடித்தபோது இறந்தவர். அவருடைய அலட்சியமே காரணம் என்று ஆலை எழுதிக் கொடுத்தது. ஊரும் அதையே பேசியது. இதை அறிந்துதான் அந்தப் பாய்லரை என் உரையின் முடிவில் வைத்திருந்தேன். உக்ரைனில் நடந்ததைவிடத் தாராபுரத்தில் நடந்தது அவையை எளிதில் தொடும் அல்லவா?

எப்படியோ செய்தி அவள் காதுக்குப் போய்விட்டது. மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, எங்கப்பாவ மட்டும் இழுக்காதீங்க. அம்மாவும் வந்து உக்காந்திருக்குதுங்க."

"பேரச் சொல்ல மாட்டேனுங்க அம்மணி. பாய்லரத்தான் சொல்லுவேன்."

"பேச்சுக்கு ஆளு வேணும்னா உங்கூட்டு ஆளச் சொல்றதுங்க."

"எங்கூட்டுல எதும் வெடிக்கலீங்களே" என்றேன். நண்பன் வேலுச்சாமி சிரித்தான். என் வெற்றியைப் பதிவு செய்யவென்றே டேப் ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தான் அவன்.

பிற்பகல் மூன்று மணி, பளிச்சென்ற வெயில். என் நினைவில் அந்த உரை ஒரு சொல்லும் பிசகாதது. செர்னோபில் அணு உலையில் சோதனைக்காகப் பாதுகாப்பு அமைப்புகளைத் துண்டித்தார்கள் என்றேன். உலை தடுமாறிய பின்னும் தொடர்ந்தார்கள், நிறுத்தும் பொத்தானை அழுத்தியபோது காலம் கடந்திருந்தது என்றேன். மூன்று நாளில் திரும்பலாம் என்று நம்பிப் பேருந்தில் ஏறிய ஒரு நகரமே திரும்பாமற் போனதைச் சொன்னேன். பிறகு பாய்லருக்கு வந்தேன். "பொறுப்பில் நின்றவனே குற்றவாளி!" என்று முடித்து வணங்கினேன்.

கைதட்டல் இல்லை. நடுவரான பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கோகிலாவின் தாய் எழுந்து நின்றிருந்தார்.

வேலுச்சாமி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "என்றா பேசுன? உன்ற செந்தமிழெல்லாம் எங்கடா போச்சு?"

கேசட்டைப் போட்டுக் காட்டினான். பாய்லர் என்ற சொல் வரைக்கும் நான். அதற்குப் பின்னும் என் குரல்தான், பேச்சுத்தான் என்னுடையதல்ல.

"பிரஷர் ஏறுதுன்னு நாஞ் சொன்னேனுங்க. நெல்லு வேகோணும், ஓட்டுன்னாங்க. நெருப்ப வெளிய இழுத்துப்போட்டேன், எறங்கலீங்க. ஆவி போற வால்வக் கம்பி போட்டுக் கட்டியிருக்குதுன்னு ஆருஞ் சொல்லலீங்க."

கம்பியைப் பற்றிக் கோகிலாவின் வீட்டாருக்கே தெரியாது. கோகிலாவும் தாயும் அடுத்த ஞாயிறன்று ஆலைக்குப் பின்புறம் முள்ளுக்காட்டில் கிடந்த பாய்லர் துண்டங்களைத் தேடிப் போனார்கள். திங்களன்று வந்து சொன்னாள்:

"வால்வுல கம்பி இன்னும் சுத்தியிருக்குதுங்க. கம்பி மேலயே பெயிண்ட் அடிச்சிருக்குது. பெயிண்ட்ல எழுதியிருக்கற வருசம் எங்கப்பா வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாலீங்க."

கோப்பை அவளுக்குப் போனது. செர்னோபில் பற்றியும் பின்னர் வேறு உண்மைகளைப் படித்தேன்: அந்த நிறுத்தும் பொத்தானே முதலில் உலையின் வேகத்தைக் கூட்டியிருக்கிறது, அழுத்தியவர்களுக்கு அந்தக் குறையை எவரும் சொல்லியிருக்கவில்லை.

குற்ற உணர்ச்சியால் என் மனமே அப்படிப் பேசியது என்று நீங்கள் வாதிடலாம். நானும் வாதிட்டிருக்கிறேன், நன்றாகவே. ஆனால் கம்பியை என் மனம் எங்கே பார்த்தது?

அது போகட்டும். கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒலியை முழுவதும் கூட்டிக் கேட்டால், அந்தப் பேச்சுக்கு அடியில் மெலிதாக இன்னொன்றும் ஓடுகிறது. நான் எழுதி மனப்பாடம் செய்த அதே உரை, சொல் பிசகாமல். ஒரே வாய், ஒரே நேரம். முடிவில் "பொறுப்பில் நின்றவனே குற்றவாளி" என்று அடிக்குரல் முழங்குகிறது. அது முடியும்வரை மேற்குரல் மரியாதையாகக் காத்திருக்கிறது. பிறகு கோபமே இல்லாமல் சொல்கிறது:

"நானில்லீங்க, கண்ணு."