பத்துக்குப் பத்து அறையில் அக்காவுக்கு மட்டும் இடமில்லை

மதிப்பிற்குரிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கடைசித் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அக்காவின் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானதும் பெரியண்ணன் போன் செய்தார். "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா. இத்துணூண்டு வூட்ட அக்கா எப்பிடி நீட்டா வச்சிக்கினு இருந்தாங்கன்னு எழுது. எல்லாரும் அதத்தான் பேசறாங்க." சரி அண்ணா, அதையே எழுதுகிறேன். ஆனால் முழுவதையும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது முகையூர் பக்கத்தில், சொந்த நிலத்தில் பயிர் செய்த குடும்பத்தில். நாங்கள் நால்வர், அக்கா மூத்தவர், அடுத்து இரண்டு அண்ணன்கள், கடைசியில் நான். பத்தாவது முடித்துத் தையல் கற்றுக்கொண்டார். கல்யாணமாகித் திண்டிவனம் போனார். மாமா ஆறே வருடம்தான் இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஊருக்கு வந்துவிடச் சொல்லி அப்பா எவ்வளவோ கூப்பிட்டும் வராமல், திண்டிவனத்திலேயே ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்து ஜாக்கெட் தைத்துப் பிழைத்தார். பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் சமையல் மேடை, ஜன்னலோரம் தையல் மிஷின், சுவரோரம் ஒரு கட்டில். அந்த அறையில் என்னையும் வைத்துக்கொண்டு மூன்று வருடம் பி.காம். படிக்க வைத்தார். அப்போது எங்கள் இருவருக்கும் அங்கே இடம் தாராளமாக இருந்தது. ராத்திரி கை காலை நீட்டிப் படுத்துக் கதை பேசுவோம்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊர் வீட்டை இடித்தார்கள். அம்மாவின் சீர்ப் பாத்திரங்கள் என்ன ஆவது என்று பேச்சு வந்தது. எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மா பெயர் வெட்டிய பாத்திரத்தைப் பங்கு பிரிக்கக் கூடாது, விற்கக் கூடாது. யார் வீட்டில் விசேஷமோ அவர்கள் எடுத்துப் போய்ச் சமைத்துவிட்டுத் திருப்பி வைக்க வேண்டும். எங்கே வைப்பது? பெரியண்ணனுக்கு விழுப்புரத்தில் மாடி வீடு. சின்னண்ணனுக்கு மூன்று படுக்கையறை. "மூத்தவங்க வூட்லதான் இருக்கணும், அதான் மொற" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அடேயப்பா, அன்றைக்கு முறை மேல் வந்த பக்தி!

அண்டா மூன்று, தவலை நான்கு, குண்டான்கள், ஜமக்காளங்கள் எல்லாம் மினி லாரியில் திண்டிவனம் போய் இறங்கின. அவற்றின் பின்னாலேயே மற்றதும் வந்தது. சின்னண்ணன் விதைக்கு ஒதுக்கிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக வருடா வருடம் வந்தது. பெரியண்ணன் புது சோபா வாங்கியதும் பழைய நாற்காலிகள் வந்தன. "ஒரு வாரம் இருக்கட்டும்க்கா, வந்து எடுத்துக்கினு போயிடறேன்" என்பார்கள். அந்த ஒரு வாரம் கடைசி வரை முடியவில்லை.

இனி நீங்கள் வியந்த அந்தச் சாமர்த்தியத்தைச் சொல்கிறேன். அக்கா கட்டிலின் நான்கு காலுக்கும் சிமெண்டுக் கல் அடுக்கி மார்பு உயரத்துக்குத் தூக்கினார். அடியில் மூட்டைகளை அடுக்கி, எலி வராமல் தகரம் கட்டினார். அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குண்டான், குண்டானுக்குள் கரண்டிகள் என்று செருகிப் பரணில் ஏற்றினார். நாற்காலிகளைச் சுவரில் கொக்கி அடித்துத் தலைகீழாக மாட்டினார். தன் புடவைகளைத் தலையணை உறைக்குள் திணித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். ஸ்டூல் போட்டு ஏறித்தான் படுப்பார். வந்தவர்கள் எல்லாரும், "அக்கா கை பட்டா எடம் தானா வருது" என்று பாராட்டிவிட்டு, அடுத்த முறை இன்னொரு மூட்டையோடு வந்தார்கள். பாராட்டிப் பாராட்டியே அவர் வீட்டை நம் குடோன் ஆக்கினோம்.

பெரியண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு முதல் நாள் போன் வந்தது. "அக்கா, பெரிய அண்டாவ எறக்கி வைங்க. வண்டி அனுப்பறேன், ஜல்தியா." அறுபது வயதுக்காரர், ஸ்டூல் மேல் ஏறிப் பரணிலிருந்து அண்டாவை இழுத்தார். அண்டாவும் விழுந்தது, அக்காவும் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பக்கத்து வீட்டு மும்தாஜ்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அன்று சாயங்காலம் சொன்னபடி வண்டி வந்தது. விழுந்து கிடந்த அண்டாவை ஏற்றிக்கொண்டு போனது. விசேஷம் முடிந்து, அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, அண்டா பத்திரமாக வீடு திரும்பிப் பரணில் ஏறிவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: தரையில் படுக்க வைக்கக் கூடாது, முழங்கால் உயரக் கட்டில் வேண்டும், வாக்கர் பிடித்துத் தினமும் நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் சளி கட்டிக்கொள்ளும். கல்லை எடுத்துவிட்டால் கட்டில் இறங்கிவிடும். ஆனால் அடியில் மூட்டைகள். நடக்கக் கொஞ்சம் தரை வேண்டும். தரையெல்லாம் நம் சாமான்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நாங்கள் மூவருமே சொல்லவில்லை. அது தனிப் பாவம். சாமானையாவது எடுத்தோமா? "இப்பத்தான் இன்டீரியர் பண்ணியிருக்கேன், இந்தப் பழைய அண்டாவ எங்கம்மா வைக்கறது?" என்றார் பெரியண்ணன். "மார்கழிப் பட்டத்துல வெதைச்சிடுவேன், அதுவரைக்கும் அக்கா கொஞ்சம் அட்ஜஸ் பண்ணிக்கட்டும்" என்றார் சின்னண்ணன். அண்ணன்களை மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். என் பிரிட்ஜின் காலி அட்டைப்பெட்டி, வாஷிங் மெஷின் பெட்டி, என் மகள் வளர்ந்த பின் வேண்டாமல் போன தொட்டில் எல்லாம் அங்கேதான் இருந்தன. வீடு மாறும்போது வேண்டுமே என்று காலிப் பெட்டியைக் கூடப் பொத்திப் பொத்தி வைத்தவள் நான். "எங்க ஹவுஸ் ஓனர் மாடிப்படில எதுவும் வைக்கக் கூடாதுன்னுட்டாங்கக்கா" என்று அக்காவிடம் சொன்னேன். பச்சைப் பொய். நான் ஓனரைக் கேட்கவே இல்லை.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "வுடு பாப்பா. என்ன நவுத்தறது சுலுவா, அண்டாவ நவுத்தறது சுலுவா? நான் இப்பிடி ஓரமா படுத்துக்கறேன்" என்றார்.

ஓரமாகத்தான் படுத்தார். மிஷினுக்கும் மூட்டைக்கும் நடுவில், தரையில். தூக்கி உட்கார வைக்கவே இரண்டு பேர் வேண்டும். புதிதாக வாங்கிய வாக்கரை நிறுத்த இடமில்லாமல், அக்காவின் முறைப்படியே அதையும் சுவரில் கொக்கியில் மாட்டினோம். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். மும்தாஜ் ஒரு நாள் வாசலில் நின்று, எங்களுக்குக் கேட்கட்டும் என்றே கத்தினார்: "இன்னா பேஜாரு இது! ஆள வுட சாமானு பெருசா பூடுச்சா உங்களுக்கு?" சொன்னதோடு நிற்காமல், தன் வீட்டில் இரண்டு மூட்டைகளைக் கொண்டு போய் வைத்தார். அவர் வீடும் அதே அளவு வீடுதான். நாங்கள் அப்போதும் அசையவில்லை. ஒன்றரை மாதத்தில் டாக்டர் சொன்னபடி நெஞ்சில் சளி கட்டியது. மூன்றே நாளில் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இவ்ளோ சாமான எப்பிடித்தான் அடுக்கி வச்சிருந்தாளோ, மகராசி!" என்றார்கள். மகராசியாம். தயவு செய்து இனி யாரும் அப்படிச் சொல்லாதீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. அக்காவைத் தினமும் குளிப்பாட்டித் துணி மாற்றிய மும்தாஜ் அவர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஓடிவந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், தைத்து முடிக்காத துணிகளை முகம் சுளிக்காமல் வாங்கிப் போன அக்காவின் வாடிக்கையாளர்களுக்கும் கைகூப்பி நன்றி. கூடப் பிறந்த எங்கள் மூவருக்கும் இந்த மலரில் நன்றி கிடையாது.

அந்த அறையை இந்த ஓராண்டும் நாம் காலி செய்யவில்லை. பாத்திரம் இருக்கிறதே என்று வாடகை கட்டிப் பூட்டி வைத்திருந்தோம். போன வாரம் நானும் மும்தாஜும் போய்த் திறந்தோம். இப்போது மூத்தவரான பெரியண்ணன் வாசலில் அம்மாவின் பாத்திரங்களும், அவரவர் வாசலில் அண்ணன்கள் சாமானும் இறங்கிவிட்டன. என்னுடையது என் வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் ஹவுஸ் ஓனர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கல்லை எடுத்துவிட்டுக் கட்டிலைத் தரையில் இறக்கிப் போட்டேன். கொக்கியிலிருந்து வாக்கரை எடுத்து, கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து பார்த்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. காலையில் ஆரம்பித்த வேலை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்திருந்தது.