மடைக்கு வந்த சேலை

வெள்ளைச் சேலை. உடல் முழுக்கப் பொடிப்பொடியாய் ஊதாப் பூ. முந்தானை ஓரம் எப்போதோ ஆணியில் மாட்டிக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலை ஊதா நூலால் இன்னொரு பூவாகவே தைத்து மறைத்திருந்தார்கள். தைத்த பூ மட்டும் மற்றப் பூக்களைவிடக் கொஞ்சம் பெரியது. அதனால்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆடி மாதத்துக் கலங்கல் தண்ணீரில், மடையின் இரும்புக் கம்பிகளில் சிக்கிக் கிடந்த வேட்டிகளுக்கும் துண்டுகளுக்கும் நடுவே, அந்தச் சேலை உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல உப்பி உப்பி அமிழ்ந்துகொண்டிருந்தது. கையில் தொரட்டியோடு கரையில் நின்ற நான் அதை இழுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பெரிய டீச்சரின் சேலை.

எண்பதுகளின் நடுவில் நான் குச்சனூருக்குக் கீழே, வாய்க்கால் போய் முடிகிற ஊரில், ஆரம்பப் பள்ளியின் சின்ன டீச்சர். தலைமையாசிரியை பெரிய டீச்சர். போடி பஜாரில் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வந்தவர். கணவரை இளம் வயதிலேயே இழந்து, பள்ளியை ஒட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். எனக்கோ அந்த வயதில் எந்த ஊரிலும் கால் தரிக்காது. தேனி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் பாதிப் பாடத்தில் ஜன்னலுக்குப் போய்விடுவேன். சத்துணவு சமைக்கிற ஆயா அதைப் பார்த்துவிட்டு, "சின்ன டீச்சரு உடம்புதான் இங்கன இருக்கு, உசுரு அங்கன டிக்கெட்டு எடுத்திருச்சு" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

குச்சனூர்ச் சனி பகவான் கோயிலுக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் வரும். சனி பிடித்திருக்கிறது என்று நம்புகிறவர்கள் ஆற்றில் முங்கி, உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டுக் கரையேறுவார்கள். துணியோடு பீடையும் போய்விடும். விட்டவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. துணிக்கு அந்த முறை தெரியாது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். கூட்டம் குறைவாக இருந்த காலத்தில் வெள்ளம் அதை எங்காவது ஒதுக்கிவிடும். பஸ்கள் பெருகி ஊரெல்லாம் வந்து முங்க ஆரம்பித்த பிறகு, அத்தனை துணியும் எங்கள் கண்மாய் மடைக்கு வந்து கம்பியில் அப்பிக்கொண்டது. தண்ணீர் உள்ளே நுழைய வழியில்லாமல் பின்வாங்கிக் கரையை அறுத்து, வீணாக ஓடைக்குப் போனது. கண்மாய்க்குள் வெடிப்பு. வெளியே நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் பறித்து மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

கம்பியைச் சுத்தம் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. தொட யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் கழித்ததை இன்னொருவர் கையால் எடுத்தால் அது எடுத்தவரைப் பிடித்துக்கொள்ளும். கண்மாய்க்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்காரர்தான் ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நீங்க வேதக்காரவுக. எங்க சனிக்கும் உங்களுக்கும் போக்குவரத்தே கெடையாது. நீங்க ஒரு கை வச்சா..."

பெரிய டீச்சர் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "அவரு வழி தவறி வந்து பேரு கேட்டா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமைக்காரின்னு சொல்லிருங்க."

அன்று சாயங்காலமே அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டியால் ஒவ்வொன்றாகக் கோத்து இழுத்தார். ஊர் தள்ளி நின்று பார்த்தது. ஒரு குழந்தையின் கவுன் வந்தபோது மட்டும் கை நின்றது. அதைப் பிழிந்து, உதறி, கை மடிப்பைச் சரிசெய்து, தனியாக ஒரு கல்லில் காயப்போட்டார். "இத்தனூண்டுக்கு என்ன பீடை" என்று தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை, நானும் முழங்கால் தண்ணீரில் நின்றேன். கரையிலிருந்து ஆயா பயந்துபோய்க் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவரோ ஊரிடம் என்னைக் காட்டி, "அவுகள விடுங்க, அவுக பெறக்கும்போதே ஏழரையோட பெறந்தவுக" என்றார்.

மலைபோல் குவிந்த துணியை என்ன செய்வது? பெரிய டீச்சர் அதைக் கொதிக்க வைக்க நினைத்துச் சத்துணவு அண்டாவைக் கேட்டார். ஆயா அண்டாவின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "சோறு பொங்குற சட்டியில சனியவா அவிப்பீக?" பழைய எண்ணெய் டின்கள் கிடைத்தன. அவித்து, வெயிலில் காயவைத்து, தன் வீட்டுக் கால் மிஷினில் நீளநீளமான பைகளாகத் தைத்தார். தண்ணீர் அறுத்த கரையில் அந்தப் பைகளில் மண்ணை நிரப்பி அடுக்கி, இடுக்குகளில் புங்கங்கன்று வைப்பது அவருடைய திட்டம். துணி மட்கும்போது வேர் பிடித்துக்கொள்ளும், பிறகு கரையை மரம் பார்த்துக்கொள்ளும் என்றார். ஊர் ஒத்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. பையின் வாயை நாங்கள் இருவரும்தான் விரித்துப் பிடிக்க வேண்டும். அவர்கள் மண்வெட்டியால் மண்ணை மட்டும் கொட்டுவார்கள். விரல் நுனிகூடத் துணியில் படாது. அப்படித்தான் வேலை நடந்தது. பிடிக்கிற கை இரண்டு ஜோடி, கொட்டுகிற கை ஊர் முழுக்க. கண்மாயில் தண்ணீர் மெல்லக் கால் நனைத்தது. கரை பாதி எழும்பியிருந்தது.

அப்போதுதான் பெரிய டீச்சர் பாசியில் வழுக்கி விழுந்தார். பெரியகுளம் ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கை ஒடிந்திருந்தால்கூட ஊர் தாங்கியிருக்கும். சனி முதலில் காலைத்தான் பிடிப்பான் என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

மண்வெட்டிகள் வீட்டுக்குப் போய்விட்டன. அடுத்த சனிக்கிழமை வந்த துணி கம்பியை மறுபடி மூடியது. பாதியில் நின்ற பைகளின் அடியில் தண்ணீர் அரித்தது. மடைக்காரர் பள்ளிப் பக்கம் வருவதையே விட்டார். தெருவில் என்னைக் கண்டால், தானே டீச்சரைப் பிடித்துத் தள்ளிவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார். பெரிய டீச்சர் கட்டிலில் காலை நீட்டி, ஜன்னல் வழியே கரையைப் பார்த்தபடி இருந்தார். "வலிக்குதா?" என்று கேட்டால், "கால் சேர்ந்துரும்டி. நம்மளால டீச்சருக்கு இப்படி ஆயிருச்சேன்னு அவுக மனசுல விழுந்துருச்சு பாரு, அத எந்த ஆஸ்பத்திரியில போயிக் கட்டுறது?" என்பார். நாற்றைப் பற்றியும் கேட்பார். மஞ்சள் அடித்துவிட்டதா என்பார். இல்லை என்பேன். அவருக்கு ஜன்னலிலிருந்தே தெரிந்திருக்கும்.

அந்த நாட்களில்தான் கொடியில் காய்ந்த ஊதாப்பூச் சேலை காணாமல் போனது. அவருடைய கணவர் எடுத்துக் கொடுத்தது. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் பார்க்காதபோது கட்டிலிலிருந்து எட்டி எட்டி வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பியிலிருந்து அதை எடுத்து, பிழியாமல் அப்படியே அள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் சத்துணவு ஆயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கனயா வந்துச்சு?" என்றார். பிறகு, "வேற எங்கன போகும்" என்று தானே சொல்லிக்கொண்டார்.

உள்ளே போய்க் கட்டிலுக்கு எதிரே நின்றார். "உடுத்துன துணியத்தான் தண்ணியில விடணும் டீச்சர். உங்களால நடக்க முடியல. அதான் நான் உடுத்திக்கிட்டு முங்குனேன். உங்க பேரச் சொல்லித்தான் முங்குனேன். களவாங்கணும்னு எடுக்கல."

வேதத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்று பெரிய டீச்சர் சொல்லியிருக்கலாம். கரையில் கிடந்த ஒரு கைக்குட்டையைக்கூடத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிற ஆயா அது. பெரிய டீச்சர் கேட்டது வேறு.

"நீ உடுத்திக்கிட்டு முங்குனா என் சனி உனக்குல்ல ஆத்தா வரும்?"

"வரட்டும். எனக்குக் காலு ரெண்டும் ஏற்கெனவே வலிதான். புதுசா என்ன வலிச்சிரப் போகுது?"

பெரிய டீச்சர் என் கையிலிருந்து சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மாவுக்கட்டு நனைகிறது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கிழிசலைத் தைத்த பூவைக் கட்டை விரலால் நீவிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மிஷினுக்கிட்ட என்னைக் கொண்டுபோய் விடுங்க" என்றார்.

ஒற்றைக் காலால் மிதித்துத் தைத்தார். ஆயா தடுத்துப் பார்த்தார். "வீட்டுக்காரரு எடுத்துக் குடுத்ததுன்னு சொல்லுவீகளே." பெரிய டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு, "பெட்டிக்குள்ள கெடந்தா எப்பவாச்சும்தான் பாப்பேன். கரையில கெடந்தா ஜன்னல்ல இருந்தே பாத்துக்கிருவேன்" என்றார்.

அந்தப் பையை நானும் ஆயாவும் கரைக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் பிடிக்கப் பெரிய டீச்சர் இல்லை. மண்வெட்டியோடு தயங்கித் தயங்கி வந்து நின்ற மடைக்காரர், ஆயாவின் கை துணியில் பதிவதைப் பார்த்து, "ஏ ஆத்தா, தொடுற" என்றார்.

"டீச்சரு சேலைப்பா. இதத் தொட எனக்கென்ன பயம்?"

மண் விழுந்தது. மடைக்காரர் பக்கத்தில் கிடந்த துணிக் குவியலின் பக்கம் திரும்பினார். "அப்ப இந்த வேட்டியும் யாருக்கோ வேண்டப்பட்டவுகளோடதுதான்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து அதன் நுனியை எடுத்தார். மறுநாள் ஊர் வந்தது. டீச்சருக்குப் பீடை கழிந்துவிட்டது என்ற தைரியத்தில் வந்தவர்கள் உண்டு. மடைக்காரர் சொன்னதைக் கேட்டு வந்தவர்களும் உண்டு. எந்தக் கை எதற்காக வந்தது என்று தண்ணீர் விசாரிக்கவில்லை. நாற்று கொஞ்சம் முற்றித்தான் போயிருந்தது. இருந்தாலும் நட்டார்கள். மாவுக்கட்டுப் பிரித்த அன்று ஆயா, "பாத்தீகளா, முங்குனது வீண் போகல" என்றார். "வீண் போகல ஆத்தா" என்றார் பெரிய டீச்சர்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஆயாவும் இல்லை. எத்தனையோ ஊர் மாறிவிட்டேன், இன்னும் எதிலும் கால் தரித்தபாடில்லை. சென்ற வைகாசிக் கடைசியில், முதல் தண்ணீர் திறந்த சமயத்தில், அந்தப் பக்கம் போனேன். கம்பியில் பாலிஸ்டர் துணியும் பிளாஸ்டிக் பையும் இருந்தன. அவை மட்குவதில்லை, அவற்றை வைத்துக் கரை கட்ட முடியாது. தொரட்டியோடு ஒரு பெண் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தோறும் ஒரு வீட்டு முறை என்றாள், இன்று தன் வீட்டு முறை. பயமில்லையா என்று கேட்டேன். "எதுக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

புங்கமரங்கள் கரையை இறுகப் பிடித்து நின்றன. ஊதாப்பூச் சேலை எந்த மரத்தடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குனிந்து வேரிடுக்கைத் தடவிப் பார்த்தேன். ஒரு நூல்கூட இல்லை, மண்தான். தலைக்கு மேலே மரம் பூத்திருந்தது. வெள்ளையில் லேசாக ஊதா ஓடிய பொடிப்பொடிப் பூக்கள் வாய்க்காலை மறைத்து மிதந்தன. மடைக்கம்பியில் வந்து ஒரு கணம் தேங்கின. பிறகு இடுக்கில் நுழைந்து கண்மாய்க்குள் போயின.