பதினாறு மார்க் டீச்சர்

கணக்கு டீச்சர் வேலையில் கணக்கு ஒன்றுதான் சுலபம். மெல்லக் கற்போர் பட்டியல் எழுதி எழுதியே விரல் தேய்ந்த சக ஆசிரியர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்காசியில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்த வருஷம் என் பட்டியலில் முதல் பெயர் இசக்கியம்மாள்.

சீசன்

ஜூனில் சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், எங்கள் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் திண்டாட்டம். குற்றாலத்தில் கடை போடுகிற வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். இசக்கியை இரண்டு வாரமாகக் காணோம் என்று ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். மெயின் அருவிக்குப் போகிற வழியில், அம்மாவின் பழக்கடையில் ரம்புட்டான் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். பத்தாம் வகுப்பின் அருமை பெருமைகளை அரை மணி நேரம் பேசினேன். அவள் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் கையில் நாலு மங்குஸ்தானைத் திணித்தார்.

"நீங்க சொல்லுதது சரிதான் டீச்சர். ஆனா தண்ணி மூணு மாசந்தான் விழும். படிப்பு எங்க போவப்போவுது, அங்கனதான கெடக்கும்?"

பாஸுக்கு வழி

செப்டம்பரில் வந்து சேர்ந்தாள். காலாண்டுத் தேர்வில் ஒற்றை இலக்கம். என்னிடம் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு, உங்களிடமும் இருக்கும். செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. பெருக்கலில் தடுமாறுகிற பிள்ளைகூட ஸ்கேலும் காம்பஸும் பிடித்துப் பழகினால் பதினாறு மார்க் எடுத்துவிடலாம். மீதிக்கு ஒரு மார்க் கேள்விகளும், சுலபமான இரண்டு மார்க் கேள்விகள் சிலவும். "மத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க" என்று சொல்லியே பத்து வருஷமாகப் பாஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் என்னைப் பதினாறு மார்க் டீச்சர் என்று சொல்வது காதில் விழும். உள்ளூரப் பெருமைதான்.

ஒரு நாள் பல்லுறுப்புக்கோவைக்கு வர்க்கமூலம் காண்பதை போர்டில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் எழுத, இசக்கி மட்டும் நோட்டை மூடிவைத்துக் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, எழுதாம என்ன பராக்கு?" என்று சத்தம் போட்டேன். எழுந்து நின்றாள். முகத்தில் திமிர் துளியும் இல்லை.

"அது முத பெஞ்சுப் பிள்ளைகளுக்குள்ள கணக்குல்லா டீச்சர். நாங்க பாக்க வேண்டாம்னு நீங்கதான சொன்னிய?"

பெயர்ப்பட்டியல்

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை வராந்தாவில் உட்காரவைத்து வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கினேன். அவள் அழுதாள், நான் கத்தினேன், இரண்டு பேரும் விடவில்லை. ஆனாலும் அரையாண்டிலும் பெயில்.

பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர், ரிசல்ட் என்றால் மட்டும் ரத்தக்கொதிப்பு ஏறும். இசக்கி டி.சி. வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதட்டும் என்றார். அப்படிப் போனால் அவள் புத்தகத்தை மறுபடி தொடவே மாட்டாள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். முடியாது சார் என்றேன். பெயர்ப்பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும் டீச்சர். நூறு சதவீதம் போச்சுன்னா மேல கூப்பிட்டுக் கேப்பாங்கல்லா, அங்க நீங்களே போய் நின்னு பதில் சொல்லிருங்க."

நாலு மார்க்

நூறு சதவீதம் போயிற்று. மற்ற எல்லாரும் பாஸ். இசக்கி மட்டும் கணக்கில் நாலு மார்க்கில் பெயில். கேள்வித்தாளை விரித்துவைத்து விசாரித்தேன். வர்க்கமூலக் கணக்கை இரண்டு தடவை தப்பாகப் போட்டு, அடித்து, மூன்றாம் தடவை சரியாக முடித்திருக்கிறாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. வரைபடத்தைத் தொடவே இல்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் அவள் எடுக்கக்கூடிய எட்டு மார்க் அது! "ஒனக்குக் கூறு இருக்காட்டி?" என்று கேள்வித்தாளைத் தட்டிக் கேட்டேன். அவள் அழவில்லை.

"கிராப்பு எப்பவும் வரும் டீச்சர். இந்தக் கணக்கு எனக்கு அன்னைக்குத்தான் வந்துச்சு. பாதில விட்டுட்டு வர மனசில்ல."

துணைத்தேர்வில் வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு, மற்றதையும் எழுதிப் பாஸானாள். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். நானும் மேலே போய் நின்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பத்து வருஷமாகக் கணக்கே சொல்லிக்கொடுக்காமல் பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் பாஸாக்கிய நான், மெய்யாகவே கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு பிள்ளையைப் பெயிலாக்கினேன்.