டெல்லி ஐயாவுக்குப் போட்ட தலைக்கட்டு வரி

1. தள்ளு வண்டி

ஜீப் கிளம்பவில்லை. டெல்லியிலிருந்து வந்த பெரிய போலீஸ் அதிகாரி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இடம் சங்கரன்கோவில் பயணியர் விடுதி வாசல். எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்த சமயம். நான் ஸ்டேஷன் ஜீப் டிரைவர்.

செல்ஃப் டொக் டொக் என்றது. பேட்டரி இறங்கிவிட்டது. ஹாண்டில் போட்டுச் சுற்றினேன். அது திருப்பி அடித்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

ஐயா இறங்கினார். சட்டைக் கையை மடித்தார். பின்னால் போய்த் தள்ளினார். இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டேன். கிளம்பியது.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"பேட்டரிக்கு எழுதிப் போட்டிருக்கு ஐயா. சாங்ஷன் வரல."

"யார் குடுக்கணும்?"

"மெட்ராஸ்ல."

"இங்க ஓடுற வண்டிக்கு அங்க இருக்கவர் சொல்லணும்." சிரித்தார். "நானும் அந்த மாதிரி ஒரு இடத்துக்குத்தான் போகப்போறேன்."

அவர் தமிழ் ஆள்தான். தஞ்சாவூர்ப் பக்கம். வேலை டெல்லியில். மத்தியானம் கடைத்தெருவில் நாட்டுக்கோழிக் குழம்பு வாங்கிக் கொடுத்தேன். அவரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் கோழி பின்னால் வரும். அதனால் சொல்கிறேன்.

2. பல நாட்டுப் போலீஸ் ஆபீஸ்

திருவேங்கடம் போகும் ரோட்டை விட்டு உள்ளே ஒரு கரிசல் ஊர். பேர் வேண்டாம். அந்த ஊர் அம்மன் கோவிலில் உற்சவர் சிலை திருட்டுப் போயிருந்தது. வெண்கலம். ஒரு முழ உயரம். வெளிநாட்டில் ஒரு வியாபாரி கடையில் அது அகப்பட்டது. அந்த நாட்டுப் போலீஸ் எடுத்து வைத்திருந்தது.

ஐயா வழியில் விவரம் சொன்னார். பல நாட்டுப் போலீஸும் சேர்ந்து ஒரு ஆபீஸ் நடத்துகிறார்கள். எல்லா நாடும் சந்தா கட்டுகிறது. பணக்கார நாடு அதிகம் கட்டுகிறது. அதனால் ஆபீஸ் அவர்கள் ஊரில். ஆட்களும் அவர்கள் ஆட்கள். எந்தத் திருட்டை முதலில் தேடுவது என்பதையும் அவர்களே சொல்வார்கள். கள்ள நோட்டும் போதை மருந்தும் முதலில். நம் சாமி கடைசியில்.

"சந்தா நாமளும் கட்டுறோம். நாற்காலி கடைசி வரிசை. அங்க பேப்பர் எழுதுறதும் அவங்கதான். சிலை உன்னுதுன்னா போட்டோ அனுப்புங்கறான். கர்ப்பகிரகத்துக்குள்ள யார்யா போட்டோ எடுத்தா?"

போட்டோ இல்லை. அடுத்த மாதம் அந்த ஆபீஸில் எல்லா நாடும் கூடுகிற கூட்டம். அதற்குள் அத்தாட்சி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சிலை வியாபாரிக்கே போய்விடும். அதற்குத்தான் அவர் இந்தக் கரிசலுக்கு வந்தார்.

3. அங்கி

கோவில் முன்னால் வேப்பமரம். நாட்டாமை வந்தார். ஊரே வந்தது. ஐயா கேட்டார். போட்டோ உண்டா? இல்லை. கல்வெட்டு உண்டா? இல்லை. அளவு தெரியுமா? ஆளுக்கு ஒரு அளவு கையால் காட்டினார்கள். ஒருவர் காட்டியது ஒரு கன்றுக்குட்டி உயரம்.

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு பொம்பளை சொன்னாள். பேர் பேச்சியம்மா. நாற்பது வயசு இருக்கும். ஆடு வைத்திருந்தாள். புருஷன் இல்லை.

"அளவு எதுக்கு? அங்கி இருக்குல்லா."

வெள்ளி அங்கி. அம்மனுக்குத் திருவிழா அன்று முன்பக்கம் பூட்டுவது. ஆசாரி சிலையை வைத்தே தட்டிச் செய்தது. சிலையின் இடது தோளில் வார்ப்பில் விழுந்த ஒரு முண்டு, சின்னப் புடைப்பு, உண்டு. அங்கியில் அதே இடத்தில் குழி உண்டு. வேறு எந்தச் சிலையிலும் அது உட்காராது.

"திருடன் ஏன் இதை எடுக்கல?" என்றார் ஐயா.

"கோயில்ல இருந்தால்லா எடுப்பான்?" என்றார் நாட்டாமை.

அந்த ஊர் வழக்கம் இது. ஒவ்வொரு கல்யாணமான வீடும் ஒரு தலைக்கட்டு. எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி. அந்த வரியில் செய்த அங்கி. அதனால் வருஷத்துக்கு ஒரு வீட்டில் முறை வைத்து இருக்கும். ஓட்டு வீடு ஆனாலும் ஓலை வீடு ஆனாலும் முறை முறைதான். அந்த வருஷம் பேச்சியம்மா முறை.

ஐயாவுக்கு முகம் மலர்ந்தது. "அம்மா, அதைக் குடுங்க. நான் கொண்டுபோய்க் காட்டிட்டு வாரேன்."

பேச்சியம்மா அசையவில்லை.

"சாமியும் போச்சு. சட்டையையும் கொண்டுபோறியளா?"

4. பெரியவீட்டார்

அப்போது ராமசாமி எழுந்தார். ஊரில் பெரியவீட்டார். பருத்தி, மிளகாய் எல்லாம் அவரிடம்தான் விலை பேசுவார்கள்.

"நான் சொல்லுதேன். நம்ம ஊர் ஆளையும் அனுப்புவோம், அங்கியையும் அனுப்புவோம். செலவு பூரா என்னது. சாமி திரும்பி வந்தா என் வீட்டு முன்னறையில இருக்கட்டும். இரும்புக் கதவு இருக்கு. முதல் மரியாதையும் எனக்கு."

"ஏன் வே, சாமிக்கு வாடகை வாங்குவீரோ?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு.

"சிரிக்காதீய. குடுக்குறவன் கேக்காம வேற எவன் கேப்பான்? என் துட்டு எப்படிச் செலவாகுதுன்னு நான் பாக்க வேண்டாமா?"

அவர் கேட்டதில் ஞாயமும் இருந்தது. ஐயா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா சிரிக்கிய?" என்றார் ராமசாமி.

"போன கூட்டத்துல ஒரு வெள்ளைக்காரர் இதையே இங்கிலீஷ்ல சொன்னாரு. நான் பதில் தெரியாம உக்காந்திருந்தேன்."

பேச்சியம்மா சொன்னாள். "பாக்கட்டும். வேண்டாம்னா சொன்னோம்? நாங்களும் பாப்போம். அவுஹ துட்டுல மட்டும் சாமி வந்துச்சுன்னா, நாளைக்கு நான் கும்பிடப் போனா அவுஹ வீட்டு நாயில்லா கேக்கும், நீ யாருன்னு."

ஐயா பையிலிருந்து பேனா எடுத்தார். அவள் சொன்னதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

5. ஐயா தலைக்கட்டு ஆனது

செலவை எல்லோரும் சமமாகப் போடுவது என்று முடிவானது. ராமசாமியும் அதேதான். ஆனால் அங்கி எப்படிப் போகும்? முறைக்காரர் கையை விட்டு அது போகக் கூடாது. பேச்சியம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ரேஷன் கார்டே அப்போதுதான் வந்திருந்தது.

நாட்டாமை யோசித்தார். ஒரு வீட்டில் தீட்டு என்றால் அடுத்த முறைக்காரர் முன்கூட்டியே அங்கியை வாங்கிக்கொள்வது உண்டு.

"ஐயாவுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ரெண்டு பிள்ளை இருக்கு."

"அப்பம் தலைக்கட்டுதான். வரியப் போடு. அடுத்த முறை ஐயாவுக்கு."

ஊர் ஒத்துக்கொண்டது. ஐயா ஒரு நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். நாட்டாமை வரிக்கு மட்டும் எடுத்தார். மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கட்டும், கோயிலுக்குத்தானே."

"வேண்டாம் ஐயா. அப்புறம் நீங்களும் முன்னறை கேப்பிய."

ராமசாமியே சிரித்துவிட்டார்.

நானும் உட்காரப் போனேன். "ஏலே டிரைவர், உனக்குக் கல்யாணம் ஆகல. ஓரமா நில்லு" என்றார்கள். நின்றேன்.

ஐயா கிணற்றடியில் குளித்தார். ஈர வேட்டியோடு வந்தார். பேச்சியம்மா தாம்பாளத்தில் அங்கியை வைத்தாள். கொடுக்குமுன் சட்டம் சொன்னாள்.

"முறை முடியுற வரைக்கும் வீட்டுல கவிச்சி கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தணும். எந்த ஊரா இருந்தாலும்."

ஐயா என்னைப் பார்த்தார். கோழிக் குழம்பு ஞாபகம் வந்திருக்கும்.

6. வெளிநாட்டு விளக்கு

அங்கே நடந்ததை ஐயா பிறகு ஜீப்பில் வரும்போது சொன்னார். நான் பார்க்கவில்லை. கேட்டதை எழுதுகிறேன்.

ஓட்டலில் ரொட்டியும் வாழைப்பழமும்தான். வெள்ளிக்கிழமை அறையில் விளக்கு ஏற்றினார். புகை கண்டு ஓட்டல் ஆட்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். அவர்களையும் நிற்க வைத்துக் கும்பிடச் சொன்னாராம்.

கூட்டத்தில் அங்கியை மேஜை மேல் வைத்தார். எங்கள் நாட்டில் ஒரு ஊர், எல்லோரும் ஒரே வரி, முறை வைத்துப் பொறுப்பு என்று சொன்னார். இந்த ஆபீஸ் நாற்காலியும் முறை வைத்து வரட்டும் என்றார். சிலர் சிரித்தார்கள். ஒரே வரி எங்களால் ஆகாது என்று ஒரு குட்டி நாட்டுக்காரர் பயந்தார். சரி, முடிந்ததைக் கட்டு, பேச்சு மட்டும் சமம் என்றார் ஐயா. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு அதிகாரி எழுந்து, எங்கள் ஊர்ச் சாமி முகமூடிகளுக்கும் போட்டோ கிடையாது என்றார். இன்னும் சில நாடுகள் எழுந்தன.

"நாற்காலி மாறிச்சா ஐயா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஆனா போட்டோ இல்லாட்டி வேற அத்தாட்சியும் பாக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க."

சிலையைக் கொண்டுவந்தார்கள். எல்லார் முன்னாலும் அங்கியைப் பூட்டினார். தோள் முண்டு குழியில் உட்கார்ந்தது. கை தட்டவில்லையாம். வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்களாம்.

7. கணக்குத் தீர்ந்தது

அம்மன் என் ஜீப்பில்தான் ஊருக்கு வந்தது. புது பேட்டரி போட்டிருந்தேன். சாங்ஷன் வரவில்லை. கடன் வாங்கிப் போட்டேன்.

கொட்டு, குலவை, வெடி. ராமசாமி மாலையோடு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு வண்ணார் வீட்டுக்காரர் நின்றார். இருவரும் மிளகாய் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சியம்மா சிலையைப் பார்க்கவில்லை. முதலில் அங்கியைப் பார்க்க வாங்கினாள். சுற்றியிருந்த துணியை விரித்தாள். ஓரத்தில் கரிப்புகை படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏத்தியிருக்காவ" என்றாள். அப்புறம்தான் அம்மனைப் பார்த்து அழுதாள்.

ஐயா அன்று பந்தியில் சாம்பார் சாதம் சாப்பிட்டார். முறை முடிய இன்னும் நாள் இருந்தது. சங்கரன்கோவிலில் கோழிக்கடையைத் தாண்டும்போது, "கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றார்.

அவர் ரிட்டயர்டு ஆனபின்னும் வருஷா வருஷம் வரியை மணியார்டரில் அனுப்பினார். ஒரு வருஷம் கூடுதலாக அனுப்பினார். கூடுதலை ஊர் திருப்பி அனுப்பியது. தபால் ஆபீஸுக்கு நான்தான் கொண்டுபோனேன். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த ஊர்ப் பெண்தான். எனக்கும் வரி போட்டிருந்தார்கள்.

சின்ன வயசு டிரைவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு சங்கத்தில் சேர்ந்தால் எவ்வளவு பணம் என்று மட்டும் கேட்காதே. சங்கத்துச் சாவி எத்தனை நாளைக்கு உன் கையில் இருக்கும் என்று கேள். என் முறை வந்த வருஷம் அங்கி என் வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் பேச்சியம்மா வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் போனாள்.